இருபத்தேழாம் எண் வில்லை

பிப்ரவரி 11

மச்சானுக்கு,

உனக்குப் பேச்சு வரும்வரை போன் செய்து பயனில்லை, கடிதம்தான் போட வேண்டும் என்று உன் அக்கா தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள். நான் கடைசியாக எழுதிய கடிதம் லீவு கேட்டு எழுதியது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பிக்கப் போன கையை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு இங்கே பதினொரு அழைப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைத் தீ மூன்று. லிஃப்டில் மாட்டிக்கொண்டது இரண்டு. ஒரு பல் டாக்டரும் அவருடைய நோயாளியும் ஒரே லிஃப்டில் நாற்பது நிமிஷம். நோயாளிக்குப் பாதி வாய் மரத்துப்போய் இருந்ததால் நியாயமாகத் திட்டக்கூட முடியவில்லை. வழக்கமான வியாழக்கிழமை அம்மாளும் வழக்கம்போல் வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து புகை வாசனை வருகிறதாம். போனோம். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெத்தைக் கிடங்குத் தீயைப் பற்றி மேலிடம் விசாரணை வைத்திருக்கிறது. மூன்று அதிகாரிகள். என்னைக் கூப்பிட்டு விதியைச் சொல்லச் சொன்னார்கள். உள்ளே போகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை, வண்டியோடு கொண்டுபோகிற பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தவன் தன் வில்லையைத் தன் கையாலேயே எடுக்க வேண்டும். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்குப் பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். அந்தப் பலகையைக் கவனிக்கிற நம் பலகைக்காரரை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் சொல்வதைக் கேள். கேட்பதற்குத்தான் தொண்டை தேவையில்லையே.

மாமா


பிப்ரவரி 27

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. பல் டாக்டர் கதையைச் சிரிக்காமல் படிக்க வேண்டியிருந்தது. சிரித்தால் இருமல், இருமினால் ரத்தம், ரத்தம் வந்தால் நர்ஸ். இந்த நர்ஸுக்கு நம் நிலைய அதிகாரியே தேவலை.

எனக்கு ஒரு சிலேட் கொடுத்திருக்கிறார்கள். 'தண்ணீர்', 'வலி', 'ஜன்னல்' என்று எழுதிக் காட்டுகிறேன். அரைத்த சாப்பாடுதான். பக்கத்துக் கட்டிலில் ஒரு சுரங்கத் தொழிலாளி. எனக்குப் பேச வராது என்று தெரிந்ததிலிருந்து அவர் நிறுத்தவே இல்லை.

உடம்பு எப்படி என்று கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நிலையத்துக்கு வருகிற அழைப்புகளை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். எந்தத் தெரு, எத்தனை மாடி, யார் முதலில் இறங்கினது, என் இடத்தில் யார் உட்கார்ந்து போகிறார்கள், இதெல்லாம் வேண்டும். இங்கே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவனுக்கு அதுதான் மருந்து.

ஒன்று கேட்க வேண்டும். கிடங்கிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் முன்னால் போனீர்கள், நான் பின்னால் வந்தேன். உள் அறையின் இரும்புக் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டோம் என்று உங்கள் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். இரண்டு நிமிஷ வேலை. கதவைச் சாத்தும்போது வெளியிலிருந்து பெரிய குழாய் திறந்தது. உள்ளே இருந்த சூடு அத்தனையும் ஆவியாகி என் மேல் வந்தது. உள்ளே ஆள் இருக்கும்போது பெரிய குழாயைத் திறக்க மாட்டார்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். பலகையில் என் வில்லை தொங்கவில்லையா? பலகைக்காரரை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

என்னைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு உங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்ததாக அக்கா எழுதியிருந்தாள். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்களாம். சந்தோஷம்.

மச்சான்


மார்ச் 22

மச்சானுக்கு,

கேட்டபடி விவரமாக எழுதுகிறேன், சில்லறை அழைப்புகளை விட்டுவிட்டு. அப்புறம் 'பதிவேடு மாதிரி இருக்கிறது' என்று குறை சொல்லாதே.

மார்ச் 2: துணி வெளுக்கும் கடை, தரைத்தளம். இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் டீ குடிக்கப் போனவர் தன் கடை எரிகிறதை எதிர்க்கடையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். யார் கடையோ என்று நினைத்தாராம். நான் முதலில் இறங்கினேன். உன் இடத்தில் உட்கார்ந்து வந்தவன் பக்கத்து நிலையத்திலிருந்து வந்த ஒரு நெட்டையன். அவனுடைய முழங்கால் வழி நெடுக என் விலாவில்தான்.

மார்ச் 8: நான்காவது மாடி, தண்ணீர்த் தொட்டிக்குள் பூனை. பூனையை எடுத்தோம். அது நெட்டையனைப் பிறாண்டிவிட்டுத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே குதித்தது. இரண்டாவது முறை எடுக்க நிலைய அதிகாரி அனுமதி தரவில்லை. ஏணி இறக்குவதற்குள் அதுவே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 15: புறவழிச் சாலையில் லாரி கவிழ்ந்து, ஓட்டுநரின் கால் உள்ளே சிக்கிவிட்டது. ஒரு மணி நேரம் தகடு வெட்டினோம். நான் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கால் பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பி, தன் செருப்பு வண்டியில் கிடக்கிறதா என்று கேட்டார்.

வியாழன் அம்மாள்: இரண்டு முறை.

பலகையில் என்ன இருந்தது, இல்லை என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. நீ வெளியே வரவில்லை என்று தெரிந்ததும் ஓடினேன், தூக்கினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இரு.

உன்னைப் பார்க்க வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை.

மாமா


ஏப்ரல் 6

மாமாவுக்கு,

பூனை புத்திசாலி.

நான் வந்த அன்று போட்டிருந்தவற்றை ஒரு பையில் கட்டி வைத்திருந்தார்கள். நேற்றுதான் கொடுத்தார்கள். சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். இடது பாக்கெட் மட்டும் முழுசாக இருக்கிறது. அதற்குள் என் வில்லை இருக்கிறது. இருபத்தேழு.

பலகையிலிருந்து காணாமல் போன வில்லை என் பாக்கெட்டில் இருந்தால், நானே எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப உள்ளே ஓடிவிட்டேன் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

பாக்கெட்டுக்குப் பொத்தான் போட்டிருந்தது. அக்கா தைத்த அந்தக் கறுப்புப் பொத்தான், துளை சின்னது, திருகித்தான் நுழைக்க வேண்டும். ஆறு வருஷமாக என்னைப் பார்க்கிறீர்கள். நான் பொத்தான் போடுகிறவனா?

அடுத்த கடிதத்திலும் அழைப்புகளை எழுதுங்கள்.

மச்சான்


மே 30

மச்சானுக்கு,

ஏப்ரலில் இருபத்தொன்பது அழைப்பு. மே மாதம் இன்றுவரை முப்பத்திநான்கு. வெயில் காலம். குப்பை மேட்டுத் தீ ஒன்பது, புல் தீ ஏழு, மின்கசிவு ஐந்து, கிணற்றில் விழுந்தவர் ஒருவர் (உயிருடன்), ஆற்றில் ஒருவர் (இல்லை). மற்றவை சில்லறை.

அலமாரிக்குள் பூட்டிக்கொண்ட குழந்தை ஒன்று. கதவை உடைத்தால் அழ ஆரம்பித்தது. அதுவரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததாம்.

வியாழன் அம்மாள்: எட்டு முறை.

நெட்டையன் அவனுடைய நிலையத்துக்கே திரும்பிவிட்டான்.

மாமா


ஜூன் 14

மாமாவுக்கு,

ஏப்ரல் 6-ஆம் தேதி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் எதிர்பார்த்தேன். குப்பை மேடு ஒன்பது என்று வந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் குப்பை மேட்டில் மறைக்கிறீர்கள்.

அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாமா ஏன் வரவில்லை என்று சிலேட்டில் எழுதினேன். "அவருக்கு லீவு இல்லடா" என்றாள். லீவு கேட்டால்தானே இல்லை என்று சொல்வார்கள். பொத்தானைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பலகைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாளாம். அவர் நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாராம். 'நம்ம கண்ணு முன்னாடியே ஒரு வில்லை போயிருக்கு, நான் பார்க்காம இருந்திருக்கேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி அழுதிருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போன வாரம் விசாரணைக் குழுவிலிருந்து ஒருவர் இங்கே வந்தார். எழுத்தில் வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார். 'உடம்பு தேறட்டும்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டி அனுப்பிவிட்டேன். நவம்பர் கடைசிக்குள் முடிக்க வேண்டுமாம். அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால், பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பார்க்கவில்லை என்று எழுதி, பலகைக்காரரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நான் இரண்டு விதமாக எழுதலாம். நானே எடுத்தேன் என்று எழுதினால் பலகைக்காரர் தப்பிப்பார், நீங்களும் தப்பிப்பீர்கள். விதியை மீறி உள்ளே ஓடியவன் என்று என்னை இனி எந்த நிலையத்திலும் படி ஏற விட மாட்டார்கள். நீங்கள் எடுத்தீர்கள் என்று எழுதினால் அக்கா வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு வருவது?

இரண்டையும் எழுதப் போவதில்லை. எழுத வேண்டியவர் நீங்கள். எனக்குப் பேச்சு வராதது எல்லோரையும் விட உங்களுக்குத்தான் வசதியாகப் போய்விட்டது என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது மாமா. கோபம் வந்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மச்சான்


ஆகஸ்ட் 19

மச்சானுக்கு,

இரண்டு மாதமாக ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 12, ஒரு அழைப்பு. கடைத்தெரு சினிமாத் தியேட்டர், மதியக் காட்சி, மின்விசிறி மோட்டார் கருகி உள்ளே புகை. நாங்கள் போவதற்குள் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் ஒருவர், கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தால் நம் பலகைக்காரர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அங்கே சேர்ந்திருக்கிறார்.

என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. "முன்னூத்திப் பன்னெண்டு பேர் உள்ள போனாங்க. முன்னூத்திப் பதினொன்னு பேர்தான் வெளிய வந்திருக்காங்க. ஒரு ஆள் உள்ள இருக்கார்" என்றார்.

தியேட்டர் மேனேஜர் சிரித்தார். "யோவ், ஓடுற கூட்டத்த எவன்யா எண்ணுவான்? எல்லாரும் வந்தாச்சு, நானே பார்த்தேன்" என்றார். பலகைக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நான் எண்ணினேன்" என்றார்.

உள்ளே போனோம். மாடியில் கடைசி வரிசையில் ஒருவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலை முன் இருக்கையில் நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார். இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார். எழுப்பினால், "படம் முடிஞ்சிருச்சா?" என்கிறார்.

அவரைக் கொண்டுவந்து விட்டபோது பலகைக்காரர் டிக்கெட் துண்டின் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "முன்னூத்திப் பன்னெண்டு" என்றார். அப்புறம்தான் என்னிடம் பேசினார். "ஏழு மாசமா யோசிக்கிறேன் சார். அன்னைக்கு நான் குனிஞ்சு, வெளிய வந்த இன்னொரு ஜோடியோட காத்து சிலிண்டர் அளவ எழுதிட்டிருந்தேன். நிமிர்ந்தா பலகை காலி. அந்த நேரத்துல யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னுதான் தெரியல." ஹோஸைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி. சொல்லிவிடுகிறேன். நீ தட்டியது தெரிந்தது. 'போங்க, வர்றேன்' என்று சொல்வதாக நினைத்தேன். வெளியே வந்தேன். பலகையிலிருந்து என் பதினாலையும் உன் இருபத்தேழையும் சேர்த்து எடுத்தேன். ஆறு வருஷமாக அப்படித்தானே எடுக்கிறேன். முன்னால் வருகிறவன் நான், இரண்டையும் எடுத்து உன்னுடையதை உன் பாக்கெட்டில் போட்டுப் பொத்தான் போடுவேன், இல்லாவிட்டால் நீ தொலைத்துவிடுவாய் என்று. அன்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே தண்ணீர் குடித்தேன். நிலைய அதிகாரி பலகையைப் பார்த்தார். காலி. "பெரிய குழாயத் திற" என்றார். தண்ணீர் குடித்து முடித்து, உன் பாக்கெட்டைத் தேடித் திரும்பினேன். நீ இல்லை. அப்போதுதான் கத்திக்கொண்டு ஓடினேன்.

உன்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது கையில் வில்லை இருந்தது. பாக்கெட்டில் போட்டேன். பொத்தானும் போட்டேன். பழக்கத்தில் போட்டேனா, பயத்தில் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை மச்சான். பழக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மறுநாள் விசாரணையில் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அது பழக்கமில்லை.

விசாரணை அலுவலகம் நம் நிலையத்திலிருந்து நான்கு தெரு. தினமும் போக வேண்டும் என்று கிளம்புகிறேன். மூன்று தெரு வரை போகிறேன்.

வியாழன் அம்மாளைப் பற்றி இந்த முறை எழுதத் தோன்றவில்லை.

மாமா


செப்டம்பர் 3

மாமாவுக்கு,

படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "என்னப்பா, மூஞ்சி இப்படி இருக்கு, வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் எழுதவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருஷமாக நானும்தான் பாக்கெட்டைக் காட்டிக்கொண்டு நின்றேன். மாமா எடுத்துக்கொள்வார், மாமா பொத்தான் போடுவார் என்று, ஸ்கூலுக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி. ஒரு நாளாவது 'என் வில்லையை நானே எடுக்கிறேன், விடுங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் என் பங்கு உண்டு. பலகைக்காரருக்கு எந்தப் பங்கும் கிடையாது.

பேச்சு வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை. முதல் வார்த்தை நர்ஸிடம் 'ஜன்னல்' என்றேன். துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல். இது என் குரலா என்று எனக்கே சந்தேகம். டாக்டர் இதுதான் என்கிறார், இதற்கு மேல் வராதாம். இனி போன் செய்தாலும் பேசலாம். ஆனால் நீங்கள் போன் செய்ய வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். எனக்கு நவம்பர்வரை சிரிக்க இஷ்டமில்லை.

நான்காவது தெருவுக்குப் போங்கள்.

மச்சான்


நவம்பர் 18

மச்சானுக்கு,

போனேன். நவம்பர் 4, காலை பத்தரை. என்னோடு யாரும் வரவில்லை.

மூன்று அதிகாரிகளும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். சொன்னேன். நடுவில் இருந்தவர் எழுதிக்கொண்டே, "இத ஏன் ஜனவரியிலயே சொல்லல?" என்று கேட்டார். "பயம் சார்" என்றேன். "தீயில இறங்குற ஆளுக்கு என்னய்யா பயம்?" என்றார். தீயைப் பார்த்து எனக்கு எப்போதும் பயம் வந்ததில்லை என்றும், உங்கள் மேஜையைப் பார்த்தால் வருகிறது என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார்கள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து மாதம் சுமந்ததை இறக்க இருபது நிமிஷம்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. உள்ளே போய்ப் பொத்தான் டப்பாவை எடுத்துவந்து, அந்தக் கறுப்புப் பொத்தான் மிச்சம் இருந்ததையெல்லாம் பொறுக்கி ஜன்னல் வழியே போட்டாள். "என் தம்பி பாக்கெட்ட இனிமே நீங்க தொடக்கூடாது" என்றாள். அதன்பிறகு பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், "குழாய் ஒழுகுது" என்றாள். அதற்கு நான் பட்ட சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

தீர்ப்பு நேற்று வந்தது. பலகைக்காரர் மேல் தவறில்லை, உடனே வேலையில் சேரலாம். நான் இனி உள்ளே இறங்கக் கூடாது. முகமூடி, கோட்டு, கோடாரி, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். மிச்ச சர்வீஸ் முழுக்க போன் எடுப்பது, பதிவேடு எழுதுவது. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. உன் அக்கா அதில் காலண்டர் மாட்டலாம் என்கிறாள்.

பலகைக்காரர் இன்று காலை வந்தார். தியேட்டர்காரர் விட மாட்டேன் என்றாராம். நான் எழுந்து நின்றேன். அவர் நேராகச் சுவரில் மாட்டியிருந்த பலகையிடம் போய், எல்லாக் கொக்கிகளையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, "நீங்களா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல சார். உங்க பேரத் தவிர எல்லார் பேரையும் யோசிச்சேன்" என்றார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உன் வில்லையை அனுப்பிவை. கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நிலைய அதிகாரி கேட்கிறார்.

மாமா


டிசம்பர் 7

மாமாவுக்கு,

வில்லையைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் பெயருக்கு இல்லை, பலகைக்காரர் பெயருக்கு. பார்சல் வந்தால் அவர் கையில் கொடுங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம்.

என் நுரையீரலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வேலை செய்கிறதாம். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி ஓட்டலாமாம். நம் ஓட்டுநர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார் இல்லையா. மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு விதியை மீறியவன் நான் இல்லை என்று அவர்கள் கையில் இப்போது காகிதம் இருப்பதால், இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்கிறார் டாக்டர். அது உங்கள் காகிதம். தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். கோபம் வருமென்று காத்திருந்தேன். 'குழாய் ஒழுகுது' ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

வருஷக் கணக்கை முடித்ததும் எழுதுங்கள்.

மச்சான்


டிசம்பர் 27

மச்சானுக்கு,

வருஷக் கணக்கு. இன்றுவரை மொத்தம் நானூற்று ஆறு அழைப்பு. தீ நூற்று எழுபத்தொன்று, மீட்பு நூற்று முப்பத்தெட்டு, பொய்த் தகவல் தொண்ணூற்றேழு. அதில் வியாழன் அம்மாள் மட்டும் நாற்பத்தைந்து. நான் இப்போது போன் எடுக்கிற ஆள் என்பதால் அவர்களோடு பழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் அவர்களும் ஒரு கடிகாரமும்தான். போன வாரம், "புகை இல்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். வண்டி அனுப்பவில்லை. பத்து நிமிஷம் பேசினேன். இறந்தவர்கள் ஒன்பது பேர். காப்பாற்றியது இருநூற்றுப் பதினான்கு. தொட்டிப் பூனையைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். நிலைய அதிகாரி பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கணக்கில் ஒன்று மட்டும் இடிக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் முடிந்த நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்தாகிவிட்டது, வில்லைகள் எடுத்தாகிவிட்டது என்று பலகைக்காரர் சொன்னால்தான் அந்தக் கட்டத்தை எழுதலாம். நானூற்று ஐந்துக்கு எழுதியாயிற்று. ஜனவரி 16, மெத்தைக் கிடங்கு, அந்தக் கட்டம் மட்டும் காலி. அன்றைய களேபரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஆண்டறிக்கை போக வேண்டும், அதையும் போடுங்கள் என்று பலகைக்காரரைக் கேட்டேன்.

அவர் உன் பார்சலை ஏற்கெனவே பிரித்திருந்தார். இருபத்தேழைத் துடைத்து, கிடங்குக்குக் கொண்டுபோன பலகையில் அதன் கொக்கியில் மாட்டி, அந்தப் பலகையைச் சுவரிலேயே விட்டுவிட்டு வண்டிக்கு வேறு பலகை வைத்திருந்தார்.

"எப்படி சார் முடிஞ்சதுன்னு சொல்றது? வில்லை தொங்குதே" என்றார்.

"அவன்தான் வெளிய வந்து ஒரு வருஷம் ஆகப்போகுதே" என்றேன்.

"நீங்க தூக்கிட்டு வந்தீங்க. அவர் வந்து எடுக்கல" என்றார். நிலைய அதிகாரி வந்து சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பலகைக்காரர் அசையவில்லை. விதி அவர் பக்கம். அறிக்கை நிற்கிறது. வண்டி போகும்போதும் வரும்போதும் எல்லோரும் அந்த ஒற்றை வில்லையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். என் மேஜை அதற்கு நேர் எதிரே. இரண்டு அடி தூரம். கை நீட்டினால் எட்டும். நான் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

என்ன எழுதட்டும், சொல்.

மாமா


ஜனவரி 2

மாமாவுக்கு,

ஒன்றும் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அக்கா மட்டும் ஸ்டேஷனுக்கு வரட்டும். நீங்கள் வர வேண்டாம். நிலையத்தில் உங்கள் மேஜையில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

படியேறினால் மூச்சு வாங்கும். வந்ததும் கொஞ்சம் நிற்பேன். யாரும் கை கொடுக்க வேண்டாம். என் வில்லையை நானே எடுக்கிறேன்.

நேரத்தை நீங்கள் எழுதுங்கள்.

மச்சான்